வெயில் கரைக்கும் தோல், பொடியில் திரும்புமா?

கோடை வந்துவிட்டால் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் வெப்பப் பட்டியலில் வேலூருக்குப் பக்கத்திலேயே திருத்தணியின் பெயரும் இடம்பிடிப்பது தமிழ்நாட்டுக்குப் பழகிய செய்தி. அக்னி நட்சத்திர நாட்களில் அங்கே வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் யாரும் வியப்பதில்லை. அறுபடை வீடுகளில் ஒன்றான அந்த மலைக்கு 365 படிகள். படியோரம் பூவும் விபூதியும் விற்பவர்கள், சுற்றுவட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் வெட்டுக்கு நிற்பவர்கள், நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போகும் பெண்கள், நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் எல்லை தாண்டி வந்து வியாபாரம் செய்பவர்கள் எல்லோருடைய தோலும் முதிர்வது இந்த வெயிலில்தான். இதே மக்களின் கைப்பேசித் திரைக்கு, பெருநகரங்களுக்குப் போவதைப் போலவே, கொலாஜன் பொடி விளம்பரங்களும் வந்து சேர்கின்றன. நாற்பதைத் தொடும் பெண்களைக் குறிவைத்து, தினம் ஒரு கரண்டி தண்ணீரில் கலந்து குடித்தால் முகச்சுருக்கம் மறையும், தோல் இறுகும், இளமை திரும்பும் என்று அவை உறுதி சொல்கின்றன. ஒரு மாதத்துக்கான டப்பா ஆயிரம் ரூபாயில் தொடங்கி இரண்டாயிரத்தைத் தாண்டியும் போகிறது.

இந்த உறுதிமொழிக்குப் பின்னால் எவ்வளவு சான்று இருக்கிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பொடியில் ஒன்றுமே இல்லை, எல்லாம் ஏமாற்று என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிது; ஆனால் உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. உடலுக்குள் போன கொலாஜன் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. தோல் மேம்பட்டதாகச் சொல்லும் ஆய்வுகளும் பல உண்டு. ஆனால் அந்த ஆய்வுகளை யார் பணத்தில் யார் செய்தார்கள் என்று பிரித்துப் பார்த்தால் பலன் ஒரு பக்கத்தில் மட்டும் குவிந்து நிற்கிறது. தோலில் இருக்கும் கொலாஜனை அழிப்பது எது, அதைக் காப்பது எது என்பதற்கோ இதைவிடப் பலமடங்கு உறுதியான சான்று இருக்கிறது. அந்தச் சான்று திருத்தணி போன்ற ஊருக்குச் சொல்வது பொடி விற்பவர்கள் சொல்வதிலிருந்து முற்றிலும் வேறான ஒன்றை.

முதலில் கொலாஜன் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருத்தணியிலிருந்து ரயிலேறினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் சென்னையில்தான் அந்த மூலக்கூறின் வடிவம் உலகுக்குத் தெரியவந்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற ஜி.என். ராமச்சந்திரன், அங்கே வருகை தந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னலுடன் பேசியபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் விடுவிக்கப்படாத புதிராக இருப்பதை அறிந்தார். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே, அடையாறில், 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜனின் எக்ஸ்ரே படங்களை வைத்துக்கொண்டு அவரும் சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை எழுதினார்கள். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் கயிறு போன்ற அமைப்பு அது என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, முறுக்கின்மேல் முறுக்கு ஏறிய வடிவமாக வெளியிட்டார்கள். பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் போன்ற விஞ்ஞானிகள் சில நுணுக்கங்களில் மறுத்தார்கள், விவாதம் நீண்டது, மூன்றிழை முறுக்கு நிலைத்தது. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கம் ஒன்று இன்றைக்கும் 'டிரிபிள் ஹெலிக்ஸ்' என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த மூன்றிழை அமைப்பில்தான் நம் கேள்விக்கான முதல் விடை இருக்கிறது. ஒவ்வோர் இழையிலும் ஆயிரம் அமினோ அமிலங்கள் அளவுக்கு உண்டு. அவற்றில் மூன்றில் ஒன்று கிளைசின். முறுக்கின் நடுவே இருக்கும் இடுக்கில் நுழையக்கூடிய சிறிய அமினோ அமிலம் அது ஒன்றுதான் என்பதால், மூன்றாவது இடந்தோறும் கிளைசின் வந்தே ஆக வேண்டும். மற்ற இடங்களில் புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் நிறைய. இப்படி முறுக்கிய மூலக்கூறுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, குறுக்கே பிணைப்புகள் போட்டு, நாராகின்றன. தோலுக்கு உறுதி தருவது அந்த நாரும் அந்தப் பிணைப்பும். எலும்பையோ தோலையோ வேகவைத்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிறது. ஆட்டுக்கால் சூப் ஆறியபிறகு கட்டியாவது இதனால்தான். அந்த ஜெலட்டினை நொதிகளைக் கொண்டு இன்னும் துண்டுதுண்டாக வெட்டினால், தண்ணீரில் எளிதில் கரையும் கொலாஜன் பெப்டைடு பொடி கிடைக்கிறது. ராமச்சந்திரன் கண்ட முறுக்கு அதில் இல்லை, நார் இல்லை, பிணைப்பு இல்லை. மாட்டுத்தோலிலிருந்தோ மீன் செதிலிலிருந்தோ எடுத்த புரதத்தின் சிறு துண்டுகளே அதில் இருக்கின்றன. டப்பாவின்மேல் முதல் வகைக் கொலாஜன், மூன்றாம் வகைக் கொலாஜன் என்று அச்சிட்டிருப்பதைப் பெரிய தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இத்தனை வெட்டுப்பட்ட பிறகு வயிற்றிலும் சிறுகுடலிலும் இன்னும் வெட்டுப்படப் போகும் பொருளுக்கு, தோலுக்குத்தான் போக வேண்டும் என்ற முகவரி எதுவும் கிடையாது.

இந்த இடத்தில் பொடியை ஆதரிப்பவர்கள் நியாயமான ஒரு மறுப்பை வைப்பார்கள். தின்ற புரதமெல்லாம் தனித்தனி அமினோ அமிலமாக உடைந்துவிடுகிறது என்ற பழைய பாடம் கொலாஜன் விஷயத்தில் முழுமையாகப் பொருந்தாது என்பார்கள். அது சரி. ஜப்பானில் கென்ஜி சாட்டோவும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஜெலட்டின் பெப்டைடு சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் இணைந்த இரட்டைத் துணுக்கு உடையாமல் சுற்றிவருவதைக் காட்டினார்கள். அந்தத் துணுக்கை ஆய்வகத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் தோல் செல்களின்மீது வைத்தபோது அவை பெருகின என்பதையும் பிறகு கண்டார்கள். உடைந்துபோன கொலாஜனின் துண்டு இது என்று செல் எண்ணிக்கொண்டு, புதிதாக நெய்யத் தொடங்குகிறது என்பது இதிலிருந்து எழுந்த கருதுகோள். அழகான கருதுகோள், சாத்தியமானதும்கூட. ஆனால் கண்ணாடித் தட்டில் வளரும் செல்லுக்கும் ஐம்பது வயதுப் பெண்ணின் கன்னத்துக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. ஆய்வகத்தில் செல்லைத் தூண்டிய எத்தனையோ பொருட்கள் மனித உடலில் சோதித்தபோது ஒன்றுமில்லாமல் போயிருக்கின்றன. எனவே வழி இருக்கிறது என்பதோடு நின்றுவிட முடியாது. அந்த வழியில் பலன் போய்ச் சேர்ந்ததா என்று மனிதர்களிடம்தான் பார்க்க வேண்டும்.

பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் எர்ஹார்ட் புரோக்ஷும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. 35 முதல் 55 வயதுக்கு உட்பட்ட 69 பெண்கள், எட்டு வாரம், சிலருக்கு நாளுக்கு 2.5 கிராம், சிலருக்கு 5 கிராம், சிலருக்கு வெறும் போலிப் பொடி. கொலாஜன் எடுத்தவர்களின் தோலில் இழுவைத்திறன் கூடியிருந்தது. அதே ஆண்டு 114 பெண்களிடம் செய்த இன்னொரு சோதனையில் கண்ணோரச் சுருக்கம் குறைந்ததாகச் சொன்னார்கள். பிறகு ஆய்வுகள் பெருகின. அவற்றையெல்லாம் திரட்டி எடைபோட்ட 2021ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு 19 சோதனைகளையும் 1,125 பேரையும் உள்ளடக்கியது. 2023இல் வந்தது 26 சோதனைகளையும் 1,721 பேரையும் கணக்கில் எடுத்தது. இரண்டும் தோலின் ஈரப்பதமும் இழுவைத்திறனும் கூடுகின்றன என்றே முடித்தன. இதுவரை மட்டும் படித்த ஒருவர் பொடியை வாங்க முடிவுசெய்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. விளம்பரங்களும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

கதை அங்கே முடியவில்லை. தென்கொரியாவின் தேசியப் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த மியுங் சுங்-க்வோன் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய தொகுப்பாய்வு 2025இல் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. 23 சோதனைகள், 1,474 பேர். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது அவர்களுக்கும் ஈரப்பதம், இழுவைத்திறன், சுருக்கம் மூன்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. பிறகு அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: நிறுவனங்களின் பணத்தில் நடந்த சோதனைகளை ஒரு பக்கமும், அப்படிப் பணம் பெறாதவற்றை மறுபக்கமும் பிரித்தார்கள். நிறுவனப் பணம் பெற்றவற்றில் பலன் இருந்தது. பெறாதவற்றில் மூன்று அளவீடுகளிலும் பலன் இல்லை. அடுத்து, தரமாக வடிவமைக்கப்பட்ட சோதனைகளையும் தரம் குறைந்தவற்றையும் பிரித்தார்கள். தரமானவற்றில் பலன் தெரியவில்லை. தோல் மூப்பைத் தடுக்கவோ குணப்படுத்தவோ கொலாஜன் பொடியைப் பரிந்துரைக்க இப்போதைக்கு மருத்துவச் சான்று இல்லை என்பது அவர்களின் முடிவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2013லேயே கிட்டத்தட்ட இதே தீர்ப்பைச் சொல்லியிருந்தது. ஒரு குறிப்பிட்ட கொலாஜன் பொருள் தோலின் இழுவைத்திறனை மேம்படுத்தும் என்று அச்சிட்டுக்கொள்ள அனுமதி கேட்டு வந்த விண்ணப்பத்தை, காரணத்துக்கும் விளைவுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று அது ஏற்க மறுத்தது.

நிறுவனம் பணம் கொடுத்தது என்பதற்காகவே ஓர் ஆய்வு பொய்யாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. இன்று நாம் நம்பிச் சாப்பிடும் மருந்துகளில் பெரும்பாலானவற்றைச் சோதித்தது அவற்றைத் தயாரித்த நிறுவனங்கள்தான். ஆனால் மருந்து விற்பனைக்கு வருமுன் அந்தச் சோதனைகளின் மூலத் தரவுகளைத் தோண்டிப் பார்க்க அரசின் கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கிறது. எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். தோற்ற சோதனையை மறைப்பது கடினம். ஊட்டப் பொடிகளுக்கு அந்தக் கட்டாயம் மிகக் குறைவு. ஐம்பது அறுபது பேரை வைத்து எட்டு வாரம் நடத்தி, ஈரப்பதம், இழுவைத்திறன், சொரசொரப்பு, சுருக்கத்தின் ஆழம் என்று பத்து விஷயங்களை அளந்து, சாதகமாக வந்த இரண்டை மட்டும் தலைப்பில் போட்டால் யாரும் கேட்பதில்லை. பல சோதனைகளில் கொலாஜனோடு வைட்டமின் சி, ஹையலூரானிக் அமிலம், துத்தநாகம், பயோட்டின் எல்லாம் கலந்து கொடுத்திருக்கிறார்கள். பலன் வந்தாலும் அது எதனால் வந்தது என்று பிரிக்க வழியில்லை. நிறுவனத்தின் பணம் தன்னளவில் குற்றமில்லை. அந்தப் பணம் இல்லாத இடத்தில் பலனும் காணாமல் போவதுதான் நாம் கவலைப்பட வேண்டிய அடையாளம்.

எனக்கு மாற்றம் தெரிந்ததே என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. தோலின் ஈரப்பதம் மாதத்துக்கு மாதம் மாறுவது. மே மாதம் தொடங்கிய பொடி ஆகஸ்டில் முடியும்போது, நடுவே மழைக்காற்று வந்து தோல் தானாகவே மென்மையாகியிருக்கும். முகத்துக்காகப் பணம் செலவழிக்கத் தொடங்கியவர் கூடவே தண்ணீர் நிறையக் குடிப்பார், இரவில் முகம் கழுவுவார், எண்ணெயோ களிம்போ தடவுவார், வெயிலில் போவதைக் கொஞ்சம் குறைப்பார். இதுவரை பருப்பும் முட்டையும் போதாமல் இருந்தவர் என்றால், பொடியில் வரும் புரதமே அவருக்கு நல்லது செய்திருக்கக்கூடும். போலிப் பொடி கொடுத்து ஒப்பிடும் குழு ஒன்று ஆய்வுகளில் கட்டாயம் தேவைப்படுவது இவற்றையெல்லாம் கழித்துப் பார்ப்பதற்காகத்தான். அந்தக் கழித்தலைக் கறாராகச் செய்த இடங்களில் மிச்சம் நிற்கவில்லை என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

சரி, தோலின் கொலாஜன் ஏன் குறைகிறது? வயது ஒரு காரணம். வளர்ந்தபின் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் என்ற அளவில் அது குறைந்துவருவதாக 1970களிலேயே அளந்திருக்கிறார்கள். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் வற்றுவதால், முதல் ஐந்தாண்டுகளில் முப்பது சதவீதம் வரைகூடக் குறையலாம். ஆனால் ஒரே உடலில் மேல்கையின் உட்புறத்தையும் முன்கையின் வெளிப்புறத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் ஒரே வயது என்று நம்ப முடியாத வித்தியாசம் தெரியும். ஒரே ரத்தம், ஒரே உணவு, ஒரே ஹார்மோன். வெயில் மட்டும் வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேரி ஃபிஷரும் ஜான் வூர்ஹீஸும் 1990களில் இதன் உள்வேலையைக் காட்டினார்கள். புறஊதாக் கதிர் பட்ட சில மணி நேரத்தில் தோல் செல்கள் கொலாஜனை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. தோல் சிவக்கக்கூடத் தேவையில்லாத சிறு அளவுக் கதிரே அதற்குப் போதும். ஒவ்வொரு நாளும் அரிப்பு, ஒவ்வொரு நாளும் அரைகுறைப் பழுதுபார்ப்பு, அதன் மிச்சங்கள் சேர்ந்து சேர்ந்து சுருக்கம். ஒருபக்கம் அரித்துக்கொண்டே இருக்கும்போது மறுபக்கம் செல்லைத் தூண்டுகிறோம் என்று பொடி குடிப்பதில், தூண்டுதல் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், கணக்கு நேராகாது.

பதின்மூன்றாவது அட்சரேகையை ஒட்டிக் கிடக்கும் திருத்தணியில் வானம் தெளிந்த நாளின் உச்சிவேளையில், ஆண்டின் பெரும்பகுதிக்கு, புறஊதாக் குறியீடு மிக அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவில்தான் இருக்கும். சூடு குறைந்த மார்கழியிலும் அந்தக் கதிர் முற்றாக ஓய்வதில்லை. அதில் ஒரு பகுதி கண்ணாடியையும் ஊடுருவும். அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது ஓட்டுநரின் படம் 2012இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடதுகன்னம் மட்டும் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்க, வலதுகன்னம் பல ஆண்டுகள் இளையதாக இருந்தது. சென்னை–திருப்பதி சாலை திருத்தணி வழியாகத்தான் போகிறது. அந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இருக்கை வலப்பக்கம் என்பதால் வெயில் தின்பது வலதுகன்னத்தை.

இன்னொரு பகைவன் சர்க்கரை. திருத்தணியிலிருந்து சோளிங்கர் வழியாகப் போனால் வரும் ராணிப்பேட்டை, அதற்கும் அப்பால் ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழில் முழுவதும் கொலாஜன் நார்களுக்குள் குறுக்குப் பிணைப்புகளை ஏற்றும் தொழில்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அன்று செய்ததை, குரோமியம் உப்பு இன்று செய்கிறது. பிணைப்பு ஏறிய தோல் அழுகாது, ஆனால் உயிருள்ள தோலின் நெகிழ்வும் அதற்கு இராது. ரத்தத்தில் சர்க்கரை நீண்டகாலம் மிகுந்திருந்தால், நம் உயிருள்ள தோலின் கொலாஜனிலும் குளுக்கோஸ் தானாக ஒட்டி, வேண்டாத பிணைப்புகளை ஏற்றி, நாரை விறைப்பாக்குகிறது. தோலின் கொலாஜன் மெதுவாகவே புதுப்பிக்கப்படும் பொருள். அதன் அரை ஆயுள் பதினைந்து ஆண்டுகள் அளவில் மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஒருமுறை ஏறிய பிணைப்பு எளிதில் போகாது. ஐ.சி.எம்.ஆர். 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு. அவர்களில் தன் சர்க்கரையையே அளந்து பார்க்காத ஒருவர் இளமைக்காகக் கொலாஜன் வாங்குவதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. எட்டு வாரத்துப் பொடிக்குப் போகும் பணத்தில் அவர் ஆண்டு முழுவதும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

தடுப்பால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் எங்கே என்றால், ஆஸ்திரேலியாவின் நாம்பூர் நகரத்தில் இருக்கிறது. அடெல் கிரீன் தலைமையிலான குழு 1992 முதல் 1996 வரை அங்கே நடத்திய சோதனையின் தோல் மூப்புப் பகுதி 2013இல் வெளியானது. 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள். மற்றவர்களை அவரவர் வழக்கப்படி விட்டார்கள். நாலரை ஆண்டுக்குப் பின், நாள்தோறும் பூசியவர்களின் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவாக இருந்தது. ஒப்பிட்டால் கொலாஜன் சோதனைகள் வாரக் கணக்கில் நடப்பவை. நாம்பூர் சோதனையில் இன்னொரு பாதியும் உண்டு, அதிகம் பேசப்படாதது: சிலருக்குத் தினமும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். உள்ளுக்குச் சாப்பிட்ட அந்த மாத்திரை தோல் மூப்பில் எந்த மாற்றத்தையும் செய்யவில்லை. ஒரே ஊர், ஒரே மக்கள், ஒரே காலம். மேலே பூசியது வேலை செய்தது, விழுங்கியது செய்யவில்லை.

சன்ஸ்கிரீனும் வியாபாரம்தானே, அதை மட்டும் நம்புவது ஏன் என்ற கேள்வி நியாயமானது. நாம்பூர் சோதனை முதன்மையாக ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிதியில் நடந்தது என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான பதில், வெயிலைத் தடுக்க டியூப் கட்டாயமில்லை என்பது. குடை, முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றிய துண்டு, அகலமான தொப்பி, காலை பத்துமணிக்குள் வேலையைத் தொடங்கி முடிக்கும் ஏற்பாடு எல்லாமே அந்தக் கதிரைத்தான் தடுக்கின்றன. வயலில் ஆண்களின் சட்டையைச் சேலைக்குமேல் மாட்டிக்கொண்டு, துண்டால் காதும் கழுத்தும் மூடி நிற்கும் பெண்கள் தங்கள் கொலாஜனுக்குச் செய்யும் காவல், எந்த டப்பாவும் செய்வதைவிடப் பெரியது. நம் கருத்த தோலுக்கு இதெல்லாம் தேவையா என்றும் கேட்பார்கள். மெலனின் பெரிய கவசம் என்பது உண்மை. வெள்ளைத் தோலைவிட நமக்குச் சுருக்கம் பிந்தித்தான் வருகிறது. ஆனால் அந்தக் கவசம் எல்லாக் கதிரையும் ஒரேபோல் தடுப்பதில்லை. சுருக்கத்துக்கு முன்பே நமக்கு மங்கும் திட்டும் கருமையும் வந்துவிடுகின்றன, அவையும் வெயிலின் வேலையே. கொலாஜன் பொடிச் சோதனைகளில் பெரும்பங்கு கிழக்காசியாவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை என்பதால், கருத்த தோலில் வெயிலடியில் வேலை செய்பவருக்கு அந்தப் பொடி என்ன செய்யும் என்பதற்கான நேரடி ஆதாரம் இன்னும் மெலிந்தது.

உணவே முக்கியமில்லை என்று இதற்குப் பொருளில்லை. உடல் கொலாஜனை நெய்ய அமினோ அமிலங்கள் வேண்டும். புரோலினை ஹைட்ராக்ஸிபுரோலினாக மாற்ற வைட்டமின் சி இல்லாமல் முடியாது. அது அறவே போனால் ஈறு கரைந்து ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய், கொலாஜன் நெசவு நின்றுபோனதன் நோய்தான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி பெண்ணுக்கு நாளைக்கு 65 மில்லிகிராம், ஆணுக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். ஒரு கொய்யாப்பழம் அதைத் தாண்டிக் கொடுத்துவிடும், நெல்லிக்காயும் அப்படியே. புரதத்துக்கு வருவோம். பத்து கிராம் கொலாஜன் பொடியில் ஒன்பது கிராமை ஒட்டிய புரதம். ஆறேழு ரூபாய்க்கு ஒன்றாக விற்கும் நாமக்கல் முட்டை இரண்டில் அதைவிட அதிகம். அதுவும் முழுமையான புரதம். கொலாஜனிலோ டிரிப்டோஃபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அறவே கிடையாது, ஆகவே புரதத் தர அளவுகோலில் அது தனித்து நின்றால் பெறும் மதிப்பெண் பூஜ்யம். வீட்டில் தோசைக்கும் சோற்றுக்கும் நடுவே பருப்பைக் குறைத்துக்கொண்டு, தனக்கென்று முட்டை எடுத்துவைக்காமல் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் பெண்களுக்கு, மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் கையில் இருந்தால், அது போக வேண்டிய இடம் மளிகைக் கடையும் முட்டைக் கடையும்தான்.

திருத்தணிக்கென்றே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கிருத்திகை விரதம் இருப்பவர்கள், சஷ்டி இருப்பவர்கள், மாலை போட்டுக் காவடி எடுப்பவர்கள் அந்த நாட்களில் அசைவத்தைத் தொடுவதில்லை. கொலாஜன் விலங்குகளின் உடலில் மட்டுமே உண்டாகும் புரதம். எந்தச் செடியிலும் அது கிடையாது. சட்டப்படி அந்த டப்பாவில் பழுப்பு நிறச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். வாங்குபவர் அதைக் கவனிப்பதில்லை, சில விளம்பரங்களில் அது கண்ணில் படும்படியும் இருப்பதில்லை. மாடா, மீனா என்பதும் பலருக்கு முக்கியமான கேள்வி. மீன் ஒவ்வாமை உள்ளவருக்கு அது உடல்நலக் கேள்வியும்கூட. இன்னொரு பக்கம், சைவக் கொலாஜன் என்ற தோற்றத்தோடு பச்சைப்புள்ளி போட்டு விற்கப்படும் பொருட்களில் இருப்பது பெரும்பாலும் நெல்லிச் சாறு, மூங்கிலிலிருந்து எடுத்த சிலிக்கா, அகத்திக்கீரைச் சாறு போன்றவை. துவாதசியன்று நம் வீடுகளில் சமைக்கும் அகத்திக்கீரையை உலர்த்திச் சாறெடுத்து, கொலாஜன் வளர்ப்பான் என்று பலமடங்கு விலைக்குத் தருகிறார்கள். கீரை நல்லது, அதைக் கீரையாகவே சாப்பிடலாம்.

தீங்கு இல்லையே, ஆசைக்குக் குடித்துவிட்டுப் போகட்டுமே என்பது கடைசி மறுப்பு. நலமான உடலுக்குப் பெரும்பாலும் பெரிய தீங்கு இல்லை என்பது உண்மை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் புரதப் பொடியையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆனால் தீங்கை உடலில் மட்டும் தேடக் கூடாது. ஐம்பது வயதில் முகத்தில் கோடு விழுவதை ஒரு குறைபாடாக, உடனே பணம் கொடுத்துத் திருத்த வேண்டிய நோயாகப் பெண்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது தீங்கு. மெய்ப்பிக்கப்படாததை மெய்ப்பித்ததாக அச்சிடுவது தீங்கு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி இத்தகைய டப்பாக்களில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும்; 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல்முறை பத்து லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதில் தோன்றிப் பரிந்துரைக்கும் பிரபலமும் பொறுப்பாளியே. சட்டம் இருக்கிறது. அது தமிழில் வரும் ஒரு நிமிடக் காணொளிகள் வரை எட்ட வேண்டும்.

பொடிக்கு எதிரான என் வாதத்தை மாற்றக்கூடிய சான்று எப்படி இருக்கும் என்றும் சொல்லியாக வேண்டும். ராமச்சந்திரனின் நகரமும் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அருகிருக்க, இதைச் செய்யும் அறிவும் கருவியும் நம்மிடமே உண்டு. ஐ.சி.எம்.ஆர். போன்ற அரசு நிதியில், தொடங்குமுன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவுசெய்து, எந்த அளவீட்டை முதன்மையாகக் கொள்வோம் என்று அறிவித்துவிட்டு, திருத்தணி போன்ற ஊர்களில் வெளியில் வேலை செய்யும் சில நூறு பெண்களைச் சேர்க்க வேண்டும். ஒரு பகுதியினருக்கு வேறெதுவும் கலக்காத கொலாஜன் பெப்டைடு, இன்னொரு பகுதியினருக்கு அதே அளவு பால் புரதம், மூன்றாவது பகுதியினருக்குக் குடையும் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும். கோடையும் மழையும் பனியும் கடந்துபோகும்படி குறைந்தது ஓராண்டு. அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக்கூடாது. எப்படி வந்தாலும் முடிவை வெளியிட வேண்டும். முதல் குழு இரண்டாவதை வென்றால் பொடியில் ஏதோ இருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளலாம். மூன்றாவதையும் வென்றால் டப்பாவின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.